புரொபேஷன்ல யாரு இருக்கா?

அந்த ஸ்டேஷனில் எது தொலைந்தாலும், எது உடைந்தாலும், எப்படி ஆச்சு என்று இன்ஸ்பெக்டர் கேட்கமாட்டார். பிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றி ஒரு வாய் குடித்துவிட்டு, “புரொபேஷன்ல யாரு இருக்கா?” என்றுதான் கேட்பார்.

அதில் ஒரு நியாயம் இருப்பதாக எல்லோரும் நம்பினார்கள். வேலை நிரந்தரமான ஆள் தப்பு செய்தால் விசாரணை வரும். விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஆட்கள் வருவார்கள், வந்தவர்கள் வந்த வேலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகமாட்டார்கள், அலமாரிக்குப் பின்னால் கிடக்கிறதையும் கிளறுவார்கள். அதே தப்பு புரொபேஷனில் இருக்கிற புது ஆள் பெயரில் போனால் விசாரணையே கிடையாது. தகுதிகாண் பருவத்தை ஆறு மாதம் நீட்டி ஒரு உத்தரவு வரும், அத்தோடு சரி. ஆகவே தப்பு யாருடையதாக இருந்தாலும் புதுசாக வந்தவர்கள் அதை எடுத்துக்கொள்வார்கள். இதற்குத் தோள் கொடுப்பது என்று பெயர். ஸ்டேஷனில் வெள்ளை முடி வந்த அத்தனை பேரும் ஒரு காலத்தில் தோள் கொடுத்தவர்கள்தான். ஜீப் ஓட்டுகிற சார்ஜென்ட், திருடனிடமிருந்து மீட்டு வந்த சைக்கிள் ஸ்டேஷன் வாசலிலேயே மறுபடி திருடு போனதற்காகத் தோள் கொடுத்தவர். அன்றைக்கு அவர் ஸ்டேஷனிலேயே இல்லை, பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தார். அதையும் அவரே சொல்லிச் சிரிப்பார்.

லேட்டக்கா இன்னும் தோள் கொடுக்கவில்லை. அதற்காக அவள் பயந்துகொண்டே இருந்தாள்.

போலீஸில் சேரக் கடைசி வயது எதுவோ, அந்த வயதில் வந்து சேர்ந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். அதற்கு முன்னால் ஒரு செருப்புக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தாள். ஊரில் உள்ளவர்களின் காலடியில் முட்டி போட்டு உட்கார்ந்து, “பெருவிரல் இடிக்குதா, பின்னாடி கடிக்குதா” என்று கேட்டே பாதி வாழ்க்கை போனது. முட்டி தேய்ந்தது. இங்கே வந்தால் முட்டி போட வேண்டாம் என்றுதான் வந்தாள். இங்கே நிற்க வைத்தார்கள். நாற்சந்தியில் ஒரு ஷிப்ட், ரோந்தில் ஒரு ஷிப்ட், மாறி மாறி. அவள் வேலைக்குக் கிளம்பும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள், அல்லது அவள் திரும்பி வரும்போது தூங்கிக்கொண்டிருப்பாள். பெற்ற பிள்ளையின் முகத்தைக் கண் திறந்த நிலையில் பார்க்க வாரத்தில் ஒரு நாள் வாய்த்தால் பெரிய விஷயம்.

சார்ஜென்ட் ஆகிவிட்டால் பகல் வேலை, ஒரு நாற்காலி, ஒரு மேஜை. அவ்வளவுதான் அவள் கேட்டது. அதிகாரம் கிதிகாரம் எல்லாம் அவளுக்கு வேண்டாம், உட்கார்ந்தால் போதும்.

நிரந்தரமாகி ஐந்து வருடம் ஆனவர்கள்தான் சார்ஜென்ட் தேர்வு எழுதலாம் என்பது பழைய விதி. அந்தக் கணக்குப்படி பார்த்தால் அவளுக்கு நாற்பது தாண்டிவிடும், நாற்பது தாண்டினால் எழுத முடியாது. ஆகவே அவள் அந்த ஆசையையே மடித்துப் பெட்டியில் போட்டிருந்தாள். அப்போது பார்த்து இலாகாவில் சார்ஜென்ட்களுக்குப் பஞ்சம் வந்தது. இந்த ஒரு முறை மட்டும், தேர்வு நாளன்று புரொபேஷன் முடிந்திருந்தாலே போதும், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சுற்றறிக்கை விட்டார்கள். அவளுக்கு அடுத்த மாதம் புரொபேஷன் முடிகிறது. தேர்வு அதற்கடுத்த மாதம். நாற்பது முடிய இன்னும் கொஞ்ச நாள் மிச்சம். தனக்காகவே எவனோ ராத்திரி உட்கார்ந்து யோசித்துப் போட்ட உத்தரவு என்று அவள் நினைத்தாள்.

சார்ஜென்ட்தான் அவளைக் கிண்டல் செய்வார். “ரொம்ப துள்ளாதம்மா. சார்ஜென்ட் ஆனாலும் மறுபடி ஒரு வருஷம் புரொபேஷன்தான். இந்த இலாகாவுல ஒவ்வொரு படிக்கும் புரொபேஷன். கடைசியில பாடையில ஏத்துறப்பதான் நிரந்தரம் பண்ணுவாங்க.”

அவர் நல்ல மனுஷன். அவளுக்குக் கால் வலித்தால் ஜீப்பை மர நிழலில் நிறுத்திவிட்டு, எஞ்சின் சூடாகிவிட்டது என்று வயர்லெஸில் பொய் சொல்வார். இன்னும் சில மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவர். அதற்குப் பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்டால், ஒன்றும் செய்யமாட்டேன், அதைத்தான் இத்தனை வருடமாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பார்.

அன்று ஜீப்பில் மூன்று பேர். ஓட்டுவது சார்ஜென்ட், பக்கத்தில் லேட்டக்கா, பின்னால் கொக்கு. கொக்கு இருபத்து மூன்று வயதுக் கான்ஸ்டபிள். உட்கார்ந்தால் முட்டி முகவாயில் இடிக்கிற உயரம், அதனால் கொக்கு. அவளும் புரொபேஷன்தான், ஆனால் லேட்டக்காவுக்குப் பிறகு சேர்ந்தவள், அவளுடையது தேர்வுக்கு அப்புறம்தான் முடியும். இந்தத் தேர்வு எப்படியும் அவளுக்கு இல்லை. முதல் நாள் இரவு வேலை பார்த்த அலுப்பில் பின்சீட்டில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. சுற்றிலும் உயரமான கிடங்குகள். அங்கே கையில் வைத்திருக்கிற வயர்லெஸ் செட்டில் கரகரப்பு மட்டும்தான் கேட்கும். ஜீப்பின் கூரைமேல் நிறுத்தி வைத்தால் ஓரளவு பேச்சு கேட்கும். இது அந்த ஸ்டேஷனுக்கு மட்டும் தெரிந்த வித்தை. அன்றும் சார்ஜென்ட் செட்டைக் கூரைமேல் வைத்துவிட்டு ஜீப்பில் சாய்ந்து நின்று தேநீர் குடித்தார். லேட்டக்கா ஷூவைக் கழற்றி விரல்களை நீவிக்கொண்டிருந்தாள். ஒரு பெண் ஓடி வந்தாள், மீன் கடையில் கத்தியை எடுத்துவிட்டார்கள் என்றாள். கோப்பையை வைத்தார்கள், ஏறினார்கள், பறந்தார்கள். போய்ப் பார்த்தால் கத்தியை எடுத்தவன் மீன் வெட்டத்தான் எடுத்திருந்தான். சண்டை வாயோடு முடிந்திருந்தது. கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லலாம் என்று சார்ஜென்ட் கையை நீட்டினார். செட் இல்லை.

பொழுது சாயும்வரை தேடினார்கள். குப்பைத்தொட்டி, சாக்கடை, பழக்கூடை ஒன்றையும் விடவில்லை. சார்ஜென்ட் தெருவில் குனிந்து ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் பார்த்தார். நிமிரும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். யாரும் பேசவில்லை. வயர்லெஸ் செட் தொலைந்தால் அது தடியும் தொப்பியும் தொலைந்த மாதிரி இல்லை. போலீஸ் பேசுவதை எவன் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஆகிவிடும். கட்டாயம் யாராவது பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்ஸ்பெக்டர் வெந்நீர் குடித்தார். கேட்க வேண்டியதைக் கேட்டார். பிறகு லேட்டக்காவை உள்ளே கூப்பிட்டு, காலையில் செட்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டது நீதானே, உன் கையிலிருந்து விழுந்துவிட்டது என்று எழுதிக்கொடு என்றார். அதட்டியெல்லாம் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போ என்கிற மாதிரிதான் சொன்னார்.

அவள் எழுதமாட்டேன் என்றாள்.

அந்த அறையில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொன்னதில்லை. இன்ஸ்பெக்டருக்குக் கோபம்கூட வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. தேர்வைப் பற்றி அவள் சொன்னாள், வயதைப் பற்றிச் சொன்னாள், ஆறு மாதம் நீட்டினால் தன் கதை அத்தோடு முடிந்தது என்றாள். பேசும்போது அழுகை வந்துவிட்டது, அதற்காகத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

“அப்ப சார்ஜென்ட் பேரைப் போடவா?” என்றார் இன்ஸ்பெக்டர். “விசாரணை முடியிற வரைக்கும் அவருக்குப் பென்ஷன் நிக்கும். எத்தனை வருஷம்னு எனக்கே தெரியாது. நீயே சொல்லு, போடறேன்.”

அவளுக்கு மரத்தடியில் நின்ற ஜீப் நினைவுக்கு வந்தது.

இன்ஸ்பெக்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். அவருக்கும் தூங்கி நாளாகியிருந்தது. சரி, கொக்கு இருக்கிறாளே என்றார். சின்ன வயது, முன்னால் எத்தனையோ தேர்வு இருக்கிறது. செட் அவள் கையில்தான் இருந்தது என்று லேட்டக்கா ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும், யாருக்கும் கஷ்டமில்லை. நாளைக் காலைக்குள் யோசித்துச் சொல்லச் சொன்னார்.

யாருக்கும் கஷ்டமில்லை என்பது எவ்வளவு வசதியான வாக்கியம். அதைச் சொல்கிறவர்கள் எப்போதும் மேஜைக்கு அந்தப் பக்கம்தான் இருப்பார்கள்.

வீட்டில் அவள் கணவனுடைய அக்கா, அதாவது அவள் அண்ணி, விஷயத்தை இரண்டு நிமிடத்தில் கறந்துவிட்டாள். கணவன் லிப்ட் மெக்கானிக், பேச்சு குறைவு, பழுதான எதையும் திறந்து பார்க்காமல் கருத்துச் சொல்லமாட்டான். அண்ணி அப்படி இல்லை. இந்தக் குடும்பத்துக்கே சேர்த்து அவள் பேசிக்கொள்வாள்.

“நீ யாருக்காவது கழுத்துல கத்தி வெக்கிறியா? இல்லையே? அந்தப் பொண்ணுக்கு ஆறு மாசம் போகுது. உனக்கு ஆயுசே போகுது. இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றாள் அண்ணி. “உன் காலைப் பாரு, பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கெடக்கு.”

கணவன் வெந்நீர்த் தொட்டியைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தான். அவள் காலை உள்ளே விட்டாள். அவன் வெகுநேரம் கழித்து, அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று மட்டும் கேட்டான்.

அந்தப் பெண் மறுநாள் காலையில் சிரித்தாள். சிரித்ததுதான் லேட்டக்காவால் தாங்க முடியாமல் போனது. முகத்தைச் சுளித்திருந்தால், இரண்டு வார்த்தை திட்டியிருந்தால், கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

“எழுதுங்கக்கா. எனக்கென்ன, கிழவியா ஆயிட்டேன்? ஒரு தடவைதான் நீட்டுவாங்க, அதுக்குள்ள இன்னொண்ணு வராம பாத்துக்கிட்டா போச்சு. வந்துச்சுன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, அவ்வளவுதானே.” பிறகு பல் தெரிய, “நீங்க சார்ஜென்ட் ஆயிட்டா எனக்கு நாற்சந்தி டூட்டி போடக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்,” என்றாள்.

லேட்டக்கா கையெழுத்துப் போட்டாள். ‘செட் மேற்படி கான்ஸ்டபிளின் கையில் இருந்ததை நான் நேரில் கண்டேன்.’ மேற்படி கான்ஸ்டபிள் அந்த நேரம் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள் என்பது அந்தத் தாளில் எங்கும் இல்லை. வெளியே வந்தபோது சார்ஜென்ட் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அன்றைக்கு அவர் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

ஓய்வு பெறுகிற நாளில்தான் அவர் வாயைத் திறந்தார். எல்லோருக்கும் தேநீர் கொடுத்து, பேச வேண்டியவர்கள் பேசி முடித்த பிறகு, அவளை ஜீப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். “உன்னைக் குத்தம் சொல்லலம்மா. நான் வெச்ச செட்டு அது. நான்தான் எழுதியிருக்கணும், தைரியம் வரல. அந்தப் பிள்ளை இன்னிக்கு எனக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துச்சு. அது மூஞ்சியை என்னால பாக்க முடியல.” சொல்லிவிட்டு ஜீப்பின் கூரையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வரவே இல்லை.

லேட்டக்கா படித்தாள். சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் விதிப்புத்தகத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு படித்தாள். மகளுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. புத்தகத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, டீச்சர் மாதிரி கரண்டியை ஆட்டிக் கேள்வி கேட்பாள். பதவி உயர்வு பெற்றவர் தகுதிகாண் பருவத்தில் தவறினால்? முந்தைய பதவிக்கு இறக்கப்படுவார். இறக்கப்பட்டவரின் நிலை? அம்மா தடுமாறினால் மகளே சொல்லிக் கொடுப்பாள். முந்தைய பதவியில் அவர் நிரந்தரமானவராகவே கருதப்படுவார். இப்படிக் கேட்டுக் கேட்டு, அம்மாவைவிட அவளுக்குத்தான் அதிகம் மனப்பாடம் ஆனது.

தேர்வு நாளில் கொக்குவைத்தான் அந்தப் பள்ளிக்கூட வாசலில் காவலுக்குப் போட்டிருந்தார்கள். அனுமதிச் சீட்டைப் பார்த்து உள்ளே விடுகிற வேலை. லேட்டக்காவின் சீட்டை வாங்கி, புகைப்படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றி வெகு கறாராகப் பார்த்தாள். “படத்துல இளமையா இருக்கீங்க, சந்தேகமா இருக்கு, இருந்தாலும் போங்க,” என்றாள். லேட்டக்கா உள்ளே போய் உட்கார்ந்தபோது பேனா பிடிக்கும் விரல் சரியாக மடங்கவில்லை. வெட்கம் என்பது அவளுக்கு விரலில் வந்தது. இருந்தாலும் எழுதினாள். நன்றாகவே எழுதினாள்.

தேறினாள். உத்தரவு வந்தது. ஓராண்டு தகுதிகாண் பருவத்துக்கு உட்பட்டு, என்று அதில் இருந்த வரியை அண்ணி படித்துவிட்டு, “மறுபடியும் முதல்லேருந்தா? இவங்களுக்கு வேற வேலையே இல்லையா?” என்றாள். ஆனால் அடுத்த நாளே தெரு முழுக்க, எங்க சார்ஜென்ட் எங்க சார்ஜென்ட் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். காய்கறிக்காரர் வரைக்கும் விஷயம் போனது.

நாற்காலி கிடைத்தது. ஒரு கால் குட்டையான நாற்காலி, அடியில் அட்டையை மடித்து வைத்துக்கொண்டாள். அதில் உட்கார்ந்த முதல் வாரம் அவளுக்குக் கால் இருப்பதே மறந்துபோனது. மாலையில் வீட்டுக்குப் போனால் மகள் விழித்திருந்தாள். அவளுக்கு இத்தனை பேச்சு இருக்கிறது என்பதே அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு காய் விட்டது என்பதிலிருந்து எல்லாம் சொல்வாள். சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சில மாதங்கள் லேட்டக்கா சந்தோஷமாக இருந்தாள். கொக்குவுக்கு நாற்சந்தி வேலை போடாமல் ஸ்டேஷன் முன்மேஜையிலேயே உட்கார வைத்தாள். தான் செய்ய முடிந்தது அவ்வளவுதான் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டாள். நீட்டிய காலம் முடியக் கொக்குவுக்குச் சில வாரங்கள்தான் பாக்கி. கொக்கு காலண்டரைப் பார்ப்பதே இல்லை, பார்த்தால் கண்பட்டுவிடும் என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் தம்பி இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அண்ணன் ஒரு கடைக்காரரின் மண்டையை உடைத்தவன், கோர்ட்டுக்குப் போக வேண்டியவன். தம்பி பக்கத்தில் நின்றவன், எச்சரித்து விடவேண்டியவன். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே மீசை, ஒரே மாதிரிச் சட்டை. லேட்டக்கா அப்போது ஆள்கணக்கு எடுக்கிற ரோல்காலுக்காக மேலிடத்துக்குப் போயிருந்தாள். இன்ஸ்பெக்டர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே உள்ளிருந்து எட்டிப் பார்த்து, ஒருவனை விரலால் காட்டி, அவனை அனுப்பு என்றார். கொக்கு, எவன் சார், இவனா என்று கேட்டாள். அவனைத்தான் என்று விரலை ஆட்டிவிட்டுப் போனுக்குத் திரும்பிவிட்டார். கொக்கு அனுப்பினாள். போனவன் அண்ணன். தம்பி உள்ளே உட்கார்ந்து, நான் எதுக்கு என்று அழுதுகொண்டிருந்தான்.

லேட்டக்கா திரும்பி வந்தபோது ஸ்டேஷன் முழுக்க ஒரு அமைதி. அந்த அமைதியை அவளுக்குத் தெரியும். மார்க்கெட்டுச் சந்தில் செட்டைத் தேடிய அன்று கேட்டது. கொக்கு முன்மேஜைக்குப் பின்னால் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் லேட்டக்காவை உள்ளே கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார், இப்போது அவள் உட்காரலாம் அல்லவா. பிளாஸ்கைத் திறந்தார். வெந்நீர் தீர்ந்திருந்தது. மூடினார்.

“கோர்ட்டுக்கு ஒரு பேரு குடுக்கணும்,” என்றார். “புரொபேஷன்ல யாரு இருக்கா? முன்மேஜைப் பொண்ணு இருக்குல்ல?”

“அவளுக்கு ஏற்கெனவே ஒரு தடவை நீட்டியாச்சு சார். ரெண்டாவது நீட்ட விதி இல்ல.”

“தெரியும்.”

“வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“தெரியும்மா.” அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “வேற யாரு இருக்கா சொல்லு.”

உண்மையை எழுதினால் என்ன என்று கேட்கத் தோன்றும். வெளியில் இருப்பவர்களுக்குத்தான் தோன்றும். அந்த ஸ்டேஷனிலிருந்து எந்தத் தாள் மேலே போனாலும் அந்த மேஜை வழியாகத்தான் போக வேண்டும், அந்த மேஜையில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். லேட்டக்காவுக்கு அவர்மேல் கோபமும் வரவில்லை. அவரும் ஒரு காலத்தில் இதே மாதிரி எதற்கோ தோள் கொடுத்திருப்பார், அது அவருக்கே மறந்திருக்கும். எல்லோருடைய அலுப்பும் சேர்ந்து அந்த அறையில் புழுங்கியது. அவளுக்குத் தன் மேல்தான் கோபம் வந்தது. வாயைத் திறந்து தூங்கிய ஒரு பெண்ணின் கையில் இல்லாத செட்டை வைத்தவள் அவள். அந்தச் செட்டின் கனம் அவள் நினைத்த மாதிரி ஆறு மாதம் இல்லை, ஒரு வேலை முழுவதும் என்று இப்போது தெரிந்தது.

“நான் இருக்கேன் சார்,” என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. “நீதான் சார்ஜென்ட் ஆயிட்டியே.”

“சார்ஜென்ட்டா புரொபேஷன்ல இருக்கேன். ஒரு வருஷம் ஆகலையே.”

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து அவளை முழுதாகப் பார்த்தார். பைத்தியமா உனக்கு, இறக்கிவிடுவார்கள், மறுபடி கான்ஸ்டபிள்தான், உன் வயதுக்கு இனி எந்தத் தேர்வும் கிடையாது, தெரியுமா என்று அடுக்கினார். எல்லாம் தெரியும் என்றாள். போன வருடம் இதே அறையில் நின்று அழுதது நீதானே என்றார். அதுவும் தெரியும் என்றாள்.

“எறக்கினா எனக்கு வேலை இருக்கும் சார். அவளுக்கு இருக்காது.”

அவர் தாளை அவள் பக்கம் தள்ளினார். ஷிப்ட் பொறுப்பு சார்ஜென்ட் என்ற முறையில் என் உத்தரவின் பேரிலேயே விடுவிக்கப்பட்டார், என்று எழுதினாள். இந்த முறை விரல் ஒழுங்காக மடங்கியது. வெளியே வந்து கொக்குவிடம், உட்காரு, ஏன் நிற்கிறாய், கால் சும்மா கிடைத்ததா என்று மட்டும் சொன்னாள். கொக்கு உட்கார்ந்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கு மறுநாள்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு வந்து, ஏன்க்கா, ஏன்க்கா என்று அழுதவளை லேட்டக்கா அதட்டித்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

உத்தரவு வர அதிக நாள் ஆகவில்லை. நல்ல செய்திதான் இந்த இலாகாவில் நடந்து வரும். அதே வாரம் கொக்குவுக்கு நிரந்தரம் ஆனது. லேட்டக்கா நாற்காலியின் அடியிலிருந்த அட்டையை எடுத்துக் குப்பையில் போட்டாள். பிறகு, அடுத்து வருகிறவர் விழுந்துவிடப் போகிறாரே என்று, எடுத்துத் தட்டி மறுபடி வைத்தாள்.

வீட்டில் சொன்னபோது அண்ணிக்கு முதல் முறையாகப் பேச்சு வரவில்லை. தெருவில் என்ன சொல்வது என்ற கவலை முகத்தில் தெரிந்தது. அப்புறம், எவ கேட்டாலும் நான் பாத்துக்கறேன், நீ சாப்பிடு என்றாள். கணவன் ஒன்றும் கேட்காமல் வெந்நீர்த் தொட்டியைத் தேடிப் போனான். பல மாதங்களாக அதற்கு வேலை இல்லாததால் அதில் வெங்காயம் போட்டு வைத்திருந்தார்கள். வெங்காயத்தைக் கொட்டிக் கழுவி, தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்தான்.

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். பிறகு கரண்டி இல்லாமலே டீச்சர் குரலில் ஒப்பித்தாள்.

“முந்தைய பதவியில் அவர் நிரந்தரமானவராகவே கருதப்படுவார். அப்படின்னா நீ இப்ப நிரந்தரம்தானேம்மா? இனிமே உன்னை யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுல்ல?”

லேட்டக்கா தண்ணீருக்குள் கால் விரல்களை அசைத்தாள். பாடையில் ஏற்றுகிறபோதுதான் என்று சார்ஜென்ட் சொன்னது ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது, அதை அவள் மறைக்கவில்லை.

“ஆமாடா, நிரந்தரம்தான்,” என்றாள். “நாளையிலேருந்து காலை ஷிப்ட், நீ எந்திரிக்கறதுக்குள்ள போயிடுவேன். அந்தப் பள்ளிக்கூடச் சண்டையில அப்புறம் யார் காய் விட்டா, இப்பவே சொல்லிடு.”